கவ்வாலி கச்சேரி இல்லை: நிஜாமுதீன் பஸ்திக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நிஜாமுதீன் என்ற பெயர் பெரும்பாலும் ரயில் டிக்கெட்டில்தான் அறிமுகம். கன்னியாகுமரியில் ஏறினால் திருக்குறள் எக்ஸ்பிரஸும் மதுரையில் ஏறினால் சம்பர்க் கிராந்தியும் அங்கேதான் கொண்டுபோய் இறக்கும். 2011இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வந்த ஓர் இந்திப் பாட்டு அங்குள்ள தர்காவில் படமானது. 2020 மார்ச்சில் கொரோனா செய்திகளில் அதே பெயர் வேறு விதமாக அடிபட்டது.

இந்த மூன்றையும் மனதில் குழப்பிக்கொண்டுதான் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவும் வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தர்காவில் பாடும் பக்தி இசையான கவ்வாலியைக் கேட்கப் போகின்றன. திரும்பி வரும்போது கேள்விகளோடு வருகிறார்கள். இவ்வளவு நெரிசலும் சாக்கடையும் பிச்சைக்காரர்களும் உள்ள சந்தில் எப்படி இவ்வளவு பெரிய இசை? பாடுகிறவர்கள் ஏன் நம்மைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துப் பாடுகிறார்கள்? பாட்டுக்கு நடுவில் பணம் வைப்பது மரியாதையா, அவமரியாதையா? இதை ஒரு நல்ல அரங்கத்துக்கு மாற்றினால் என்ன?

இந்தக் கேள்விகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அங்கே வறுமையும் இசையும் தற்செயலாக ஒரே சந்தில் குடியிருக்கவில்லை.

முதலில் இடமும் சொற்களும்

ரயில் நிலையம் மதுரா ரோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. பஸ்தி மேற்கே. ஸ்டேஷனில் இறங்கி "இதுதானா நிஜாமுதீன்?" என்று பார்த்துவிட்டு ஆட்டோவில் போய்விடுகிறவர்கள் பஸ்தியைப் பார்த்ததே இல்லை.

1. பஸ்தி என்றால் குடியிருப்பு. பேச்சுவழக்கில் குடிசைப் பகுதி என்ற வாடை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் இது நேற்று முளைத்த குடிசைப் பகுதி இல்லை. சுமார் 700 ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவரும் ஊர்.

2. தர்கா நமக்குத் தெரிந்த சொல்தான். நாகூரில் உள்ளதைப் போல, ஒரு ஞானியின் அடக்கத்தலம்.

3. உர்ஸ் என்பது நம் பக்கத்தில் கந்தூரி என்று சொல்கிற ஆண்டு விழா. சொல்லுக்கு நேர்ப்பொருள் திருமணம். ஞானி இறந்த நாளை அவர் இறைவனோடு சேர்ந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

4. சமா என்பதுதான் இங்கே சாவிச் சொல். கவ்வாலி நடக்கும் சபைக்கு அதுதான் பெயர். அதற்குப் பொருள் 'கேட்பது'. பாடுவது இல்லை, கேட்பது. நிகழ்ச்சியின் பெயரே கேட்கிறவர் பக்கம் நிற்கிறது.

5. கவ்வாலி என்ற சொல் 'கவ்ல்' என்பதிலிருந்து வந்தது. வாக்கு, சொல் என்று பொருள். பாடுகிறவர் கவ்வால்.

6. நஸ்ரானா என்பது காணிக்கை. இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவிடலாம். 2020 செய்திகளில் வந்தது தப்லீக் ஜமாத்தின் தலைமையகமான மர்க்கஸ். அதுவும் இதே பஸ்தியில்தான் இருக்கிறது, தர்காவிலிருந்து சில நிமிட நடையில். ஆனால் இரண்டும் வேறு வேறு அமைப்புகள். தப்லீக் 1920களில் தொடங்கிய இயக்கம். தர்காவில் பாடுவதை அதன் மரபு ஊக்குவிப்பதில்லை. இசை இறைவனிடம் சேர்க்கும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் ஒரே சந்தில் டீ குடிக்கிறார்கள்.

ஒரு கல்லறையைச் சுற்றி ஓர் ஊர்

இந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் ஞானி நிஜாமுதீன் அவுலியா பிறந்தது உத்தரப் பிரதேசத்து பதாயூனில். பாபா ஃபரீதின் சீடர். அஜ்மீர் முயினுதீன் வழிவந்த சிஷ்தி என்ற சூஃபி மரபு. அரசர்களிடம் போகாதே, வருகிறவனுக்குச் சோறு போடு, பாட்டுக் கேள் என்று அந்த மரபை மூன்று வரியில் சொல்லிவிடலாம் (அறிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள்). யமுனைக் கரையில் அன்று கியாஸ்பூர் என்று பெயர் கொண்டிருந்த இடத்தில் தங்கினார். 1325இல் இறந்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதனால் தர்காவைப் பார்த்துக்கொள்கிற பீர்ஜாதாக்கள் அவருடைய சகோதரியின் வழியினரும் நெருங்கிய சீடர்களின் வழியினரும்தான். கோயிலுக்கு அர்ச்சகர் குடும்பங்கள் எப்படியோ, அப்படி இவர்கள். இவர்களை ஒட்டி, பாடும் உரிமை உள்ள கவ்வால் குடும்பங்கள். பிறகு பூ விற்பவர்கள், போர்வை விற்பவர்கள், செருப்புப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் கடைகள். கோயிலைச் சுற்றி மாட வீதிகள் உண்டான மாதிரி, கல்லறையைச் சுற்றி பஸ்தி உண்டானது.

ஞானிக்குப் பக்கத்தில் அடங்க வேண்டும் என்று அரச குடும்பத்தாரும் விரும்பினார்கள். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா அங்கே இருக்கிறாள். முகலாய மன்னர் முகமது ஷாவும் (ஆட்சி 1719–1748) அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார். இந்துஸ்தானி கேட்பவர்களுக்கு இவர் முக்கியமானவர். கயால் பாடல்களில் 'சதாரங்க்' என்ற முத்திரை வருமே, அந்த நியாமத் கான் இவருடைய அவைக் கலைஞர்தான். தீட்சிதர் பாடல்களில் 'குருகுஹ' வருவதுபோல அவர் தன் முத்திரையோடு மன்னர் பெயரையும் சேர்த்து வைத்தார். இன்றும் மேடையில் விலம்பித கயால் பாடுகிறவர் இந்தச் சந்தில் அடங்கிய ஒருவரின் பெயரைத்தான் பல நேரம் பாடிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் தள்ளி கவிஞர் காலிபின் கல்லறை.

குஸ்ரோ: எது உறுதி, எது வாய்வழி

அமீர் குஸ்ரோ (1253–1325) நிஜாமுதீனின் பிரியமான சீடர். குரு இறந்து சில மாதங்களில் அவரும் இறந்தார். குருவின் காலடிப் பக்கம் சில அடி தூரத்தில் அடக்கம். வருகிறவர்கள் முதலில் சீடரை வணங்கிவிட்டுத்தான் குருவிடம் போக வேண்டும் என்பது அங்குள்ள முறை. நந்தியிடம் உத்தரவு வாங்குவது மாதிரி.

உறுதியாகத் தெரிந்தவை: அவர் பாரசீகத்தில் மாபெரும் கவிஞர். பல சுல்தான்களின் அவையில் இருந்தவர். மாலிக் காஃபூரின் 1311 தென்னாட்டுப் படையெடுப்பைத் தன் 'கஜாயின்-உல்-ஃபுதூஹ்' நூலில் எழுதியவர். அதில் 'மஅபர்' என்று வருவது நம் தமிழ் நாடு. மதுரைக்கு அந்தப் படை என்ன செய்தது என்பதைச் சுல்தானுக்கு இனிக்கும்படி எழுதிய அதே கைதான், குருவின் முன் உருகிப் பாடியது. அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டிவிடுவது வழக்கம்.

வாய்வழியாக வந்தவை: கவ்வாலியை உண்டாக்கியவர், சிதாரையும் தபலாவையும் கண்டுபிடித்தவர் என்பவை. சிதார், தபலா பற்றிய கதைகளுக்கு ஆதாரம் இல்லை. சிதார் 18ஆம் நூற்றாண்டு தில்லியில் உருப்பெற்றது. அக்காலத்தில் வாழ்ந்த குஸ்ரோ கான் என்ற இன்னொருவரோடு பெயர் குழம்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்வது. அவருடையவை என்று பாடப்படும் இந்தவிப் பாடல்களுக்கும் அவர் காலத்து ஏடு கிடையாது. ஹிந்தியும் உருதும் கிளை பிரிவதற்கு முந்தைய பேச்சுமொழிதான் இந்தவி. அந்தப் பாடல்கள் பாடகர்களின் தொண்டையில்தான் இத்தனை நூற்றாண்டு பிழைத்து வந்திருக்கின்றன. ஏடு இல்லை என்பதால் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஏடு இல்லாததால்தான் குடும்பங்கள் தேவைப்பட்டன.

பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்ட காதுக்குக் கவ்வாலி அந்நியமானது இல்லை. பாகங்கள் தெரிந்தால் போதும்.

1. உட்காரும் முறை. கவ்வால்கள் சமாதியைப் பார்த்து உட்காருகிறார்கள். பாட்டு போய்ச் சேர வேண்டிய இடம் அது. நாம் பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்கிறோம். நம்மைப் பார்க்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. ஓதுவார் மூர்த்தியைப் பார்த்துத்தானே தேவாரம் பாடுகிறார்.

2. குழு. முதன்மைப் பாடகர், அவருக்கு ஈடுகொடுக்கும் இரண்டாமவர், ஆர்மோனியம், டோலக் அல்லது தபலா, பின்னால் கைதட்டிக்கொண்டே கூடப் பாடுகிறவர்கள். கைதட்டு அங்கே ஒரு தாள வாத்தியம். ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் சாரங்கி. 1940 முதல் சுமார் 30 ஆண்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்திருந்தது. தர்காக்கள் தள்ளி வைக்கவில்லை.

3. தொடக்கம். 'மன் குன்தோ மௌலா' என்ற கவ்ல். நபிகள் நாயகத்தின் வாக்கு இது. குஸ்ரோ மெட்டமைத்தார் என்பது மரபு. இறைவன், நபி, பிறகு ஞானிகள் என்று துதி இறங்கி வரும். பெரும்பாலும் 'ஆஜ் ரங்க் ஹை'யில் முடியும். நமக்கு மங்களம் போல.

4. கிரஹ். முடிச்சு என்று பொருள். ஒரு வரியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு கவிஞரின், வேறொரு மொழியின் ஈரடியை நடுவில் கொண்டுவந்து தாளம் தளர்த்திப் பாடி, பொருள் பொருந்தும் இடத்தில் பழைய வரியோடு முடிச்சுப் போடுவது. விருத்தமும் தொகையறாவும் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். முடிச்சு சரியாக விழுந்தால் கூட்டம் 'வாஹ்' என்கிறது.

5. தக்ரார். ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாடுவது. நிரவல் ஞாபகம் வரும், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிரவலை எவ்வளவு நேரம் செய்வது என்பது பாடகரின் கையில். இங்கே அது கேட்பவரின் கையில். கேட்பவர்களில் ஒருவருக்கு ஒரு சொல் உள்ளே தைத்துவிட்டால் அவர் 'ஹால்' என்ற பரவச நிலைக்குப் போகலாம், அழலாம், எழுந்துவிடலாம். அவர் அமைதியாகும்வரை அந்தச் சொல்லைப் பாடகர் விடக் கூடாது. கவ்வாலின் திறமை குரலில் பாதி, கூட்டத்தில் யாருக்கு எந்தச் சொல் தைக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பதில் பாதி.

பாட்டின் பாவனையும் நமக்குப் பழக்கம்தான். ஆண் கவிஞர் பெண்ணாக நின்று பாடுவார். 'சாப் திலக்' பாட்டில் தலைவி, ஒரே பார்வையில் என் அடையாளத்தையெல்லாம் பறித்துக்கொண்டாயே, பச்சை வளையல் போட்ட கையைப் பிடித்துக்கொண்டாயே என்கிறாள். நம்மாழ்வார் பராங்குச நாயகியானதையும், வளை கழலச் செய்தானே என்று அரங்கனைப் பற்றி ஆண்டாள் புலம்புவதையும் அறிந்தவர்களுக்கு வேறு உரை வேண்டாம்.

இதற்கெல்லாம் எதிர்ப்பு அன்றே இருந்தது. கியாசுதீன் துக்ளக் காலத்தில் சமா முறையா என்று விசாரிக்க உலமாக்கள் என்ற மார்க்க அறிஞர்களின் அவை கூடியது. நிஜாமுதீன் நேரில் போய் வாதாடித் தண்டனையின்றித் திரும்பினார். ஆனால் அவரும் நான்கு நிபந்தனை வைத்திருந்தார்: பாடுகிறவர் வயது வந்த ஆணாக இருக்க வேண்டும், கேட்பவர் மனம் இறைவனிடம் இருக்க வேண்டும், சொல்லில் ஆபாசம் கூடாது, வாத்தியங்கள் கூடாது. கடைசி நிபந்தனையின்படி இன்றைய வியாழக்கிழமை கவ்வாலி அவர் வாசலிலேயே தேறாது. மரபு என்றால் மாறாதது என்று நினைப்பவர்கள் அந்த ஆர்மோனியத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

பணம் எப்படி நடக்கிறது

டிக்கெட் கிடையாது. மனம் உருகியவர் ரூபாய் நோட்டை எடுத்துச் சபையில் மூத்தவரிடம் கொடுப்பார்; அவர் அதைக் கவ்வால் முன் சேர்ப்பிப்பார். இதுதான் பழைய முறை. இப்போது நேராகவே கொண்டுபோய் வைக்கிறார்கள். 'இந்தச் சொல் எனக்குத் தைத்தது' என்று பாடகருக்குச் சொல்லும் சைகை அது. அதனால்தான் பாட்டு முடிந்த பிறகு இல்லாமல் நடுவிலேயே கொடுக்கிறார்கள். சேர்ந்த பணத்தைக் குழுவுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பின்னால் கைதட்டுகிறவர் பங்கு என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?

ஒரு குடும்பத்துக்கு இது மட்டும் போதாது. திருமணம், கார்ப்பரேட் விருந்து, வெளிநாட்டு விழா என்று வெளியே பாடினால்தான் வீடு நடக்கும். ஆனால் வெளியே அழைக்கிறவர் எதற்காக இவரை அழைக்கிறார்? 'நிஜாமுதீன் தர்காவில் பாடுகிறவர்' என்பதற்காக. பணம் தராத இடம்தான் பணம் தரும் இடங்களுக்கு அனுமதிச் சீட்டு. ஆகவே சந்தில் வீடு எவ்வளவு சிறியதானாலும் அந்த இடத்தை விட்டுப் போக முடியாது. 1947இல் தில்லிக் கவ்வால் குடும்பங்களில் பல பாகிஸ்தானுக்குப் போயின; போனவர்கள் அங்கே பெரும் புகழ் பெற்றதும் உண்டு. இருந்தவர்கள் சமாதியின் முன் பாடும் உரிமையோடு இருந்தார்கள்.

ஏன் இவ்வளவு நெருக்கடி

பஸ்தியில் நினைவுச் சின்னங்கள் நெருக்கமாக இருக்கின்றன. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். இப்படிப் பல வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் முறைப்படி வீடு கட்ட இடமே மிஞ்சாது. தர்காவை நம்பி வருகிற ஏழைகளோ குறையவில்லை. எனவே முறை இல்லாமல், மேலே மேலே கட்டினார்கள். 1320களின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட படிக்கிணற்றின் சுவர்மீதே வீடுகள் ஏறின. 2008இல் அந்தச் சுவரின் ஒரு பகுதி இடிந்தது. ஆகா கான் அறக்கட்டளையும் அரசு அமைப்புகளும் சேர்ந்து 2007இல் தொடங்கிய புதுப்பிப்புத் திட்டத்தில் கிணறு சீரானது. மாநகராட்சிப் பள்ளியும் மருத்துவமனையும் மேம்பட்டன.

இடம் மாற்றினால் என்ன

தில்லியிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

ஷாதிப்பூரில் இருந்த கட்புத்லி காலனியில் ராஜஸ்தானிலிருந்து வந்த பொம்மலாட்டக்காரர்கள், டோல் வாசிப்பவர்கள், மாயாஜாலக்காரர்கள் வாழ்ந்தார்கள். அதே இடத்தில் அடுக்குமாடி கட்டித் தருவதாகத் திட்டம் வந்தது. 2017இல் காலனி இடிக்கப்பட்டது. பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய் ஆடலாமே என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் டோல்காரருக்குப் பொம்மைக்காரர் பக்கத்து வீட்டில் இருந்ததுதான் அங்கே தொழிலே. கல்யாணக்காரர்கள் ஒரே சந்துக்கு வந்து மொத்தக் குழுவையும் பேசி முடித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது நமக்கு நெருக்கமானது. நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு அருகே, ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராஸி கேம்ப். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அகற்றப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அந்த வீடுகளும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில். அங்கிருந்த தமிழர்கள் சொன்னது வீட்டைப் பற்றி மட்டும் இல்லை. நடந்து போய் வேலை செய்த ஜங்புரா வீடுகள், பிள்ளைகள் தமிழ் படித்த பள்ளி, இரண்டுமே அவர்களோடு நரேலாவுக்கு வராது.

பஸ்தியின் நிலை இந்த இரண்டையும்விடக் கெட்டியானது. அங்கே நடுவில் ஒரு கல்லறை இருக்கிறது. அதை யாரும் மாற்ற மாட்டார்கள். ஆனால் கவ்வால் குடும்பத்தை நரேலாவில் குடிவைத்துவிட்டு வாரம் ஒருநாள் வந்து பாடச் சொன்னால், பாடுவார்கள். பையன் எப்போது கற்றுக்கொள்வான்? அவன் கற்றுக்கொள்வதே பள்ளி விட்டு வந்ததும் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டித்தான்.

குடும்பத்தோடு போகும்போது

1. வியாழன் மாலை களை கட்டும், ஆனால் கூட்டம் அதிகம். சின்னக் குழந்தைகள் இருந்தால் வேறு நாள் பார்க்கலாம்.

2. ஆண் பெண் இருவரும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். நிஜாமுதீன் சமாதி அறைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. சல்லடைக் கல் ஜன்னல் வரைதான். இதை எதிர்த்து 2018இல் சட்ட மாணவிகள் சிலர் தில்லி உயர் நீதிமன்றம் போனார்கள். முற்றத்தில் கவ்வாலி கேட்பதற்குத் தடை இல்லை. பெண் பிள்ளை ஏன் என்று கேட்பாள். நிஜாமுதீனின் அந்த நான்கு நிபந்தனைகளைச் சொல்லிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அவள் வாத்தியத்தைக் காட்டித் திருப்பிக் கேட்பாள்.

3. பூவும் போர்வையும் வாங்கியே ஆக வேண்டும் என்று சந்து முழுக்கக் கூப்பிடுவார்கள். கட்டாயம் இல்லை. சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. பாடகருக்கும் சமாதிக்கும் நடுவில் போய் நின்று படம் எடுக்காதீர்கள். பாட்டு போகிற வழி அது.

5. பாட்டு முடிந்ததும் கைதட்டும் வழக்கம் அங்கே இல்லை.

6. நெரிசல் ஒத்துவராதவர்கள் அதே பஸ்தியில் உள்ள இனாயத் கான் தர்காவுக்கு வெள்ளி மாலை போகலாம். அமைதியான முற்றம். இனாயத் கான் (1882–1927) பரோடாவில் பிறந்த இசைக்கலைஞர், வீணை வாசித்தவர், 1910இல் மேல்நாடு போய் சூஃபி ஞானத்தைப் பரப்பிவிட்டு, தில்லிக்குத் திரும்பி இங்கே அடங்கினார். அவருக்கு இசை சொல்லித் தந்தது தாய்வழித் தாத்தா மௌலா பக்ஷ் வீட்டில். அந்தத் தாத்தா மைசூருக்கு வந்து நம் கர்நாடக சங்கீதத்தைக் கற்றுக்கொண்டு போனவர்.